வடக்கு வாசலை அடைத்த கதை

பாதிரித்துரைக்குத் தன் ஊர்க் கோயில்மேல் அப்படியொரு பித்து. இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிற்றூரில், எழுநூறு வருசத்துக்கு முன் கட்டத் தொடங்கிய கோயிலாம். அதைப் போலவே மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒன்று, அளவில் பாதியாக, எழும்ப வேண்டும் என்று நின்றார். அவருடைய அண்ணன் அந்தக் கோயிலை அளந்து படம் கீறி அனுப்பியிருந்தார். அதைப் பெரிதாகப் படியெடுப்பதும், துரையின் இங்கிலீஷைச் சுவர் கட்டும் மேசனுக்கும் மேசனின் தமிழைத் துரைக்கும் மாற்றிச் சொல்வதும் என் வேலை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. இங்கிலீஷ் தெரிந்த திமிர் வேறு.

மேசன் காத்தான்குடி முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். அவர்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கோயில் நல்லபடி முடிந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடமும் அவருக்கே என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். காக்கா அதைத்தான் நம்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டாமல் கலியாணம் பேச முடியாது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிய மனிசனின் மகள் வீடு அத்திவாரத்தோடு நின்றது.

அந்தப் படம் ஒரு கூத்து. ஒரு சன்னல் மேலே வளைந்திருக்கும், அடுத்தது கூராகப் போகும், மூன்றாவது அகலமாய் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடித்த மாதிரி இடித்தும் ஒட்டியும் கட்டியதாம், துரை சொன்னார். அத்தனை தலைமுறையையும் நாங்கள் ஒரே வெயில்காலத்தில், செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டினோம். மணிக்கோபுரத்து மூலையில் ஒரு முட்டுச்சுவர்கூட இருந்தது.

“கோபுரம் சாய்ஞ்சாத்தானே தம்பி முட்டுக் குடுக்கிற? இது நேராத்தானே நிக்கிது?” என்றார் காக்கா.

“துரைட ஊரில சாய்ஞ்சதாம் காக்கா.”

“அப்ப நாமளும் கொஞ்சம் சாய்ச்சுக் கட்டுவமா?”

சாரத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் துரைக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பு தேற ஒரு மாதம் நுவரெலியாவுக்குப் போனார். நாங்கள் வடக்குச் சுவருக்கு வந்திருந்தோம். படத்தில் அங்கே வளைவு வைத்த ஒரு வாசல். ஆனால் வாசலுக்குள் சுவரைப் போலவே நெருக்கமாகக் கோடு கீறியிருந்தது. வாசலைக் கட்டி, அதை அடைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

“பள்ளிவாசலும் கட்டியிருக்கன், கோயிலும் கட்டியிருக்கன். வாசல வெச்சு அதையே அடைக்கிற புதினத்த இப்பதான் காணுறன். துரைக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க தம்பி.”

“எனக்குப் படம் பாக்கத் தெரியும் காக்கா. கீறியிருக்கிற மாதிரிக் கட்டுங்க.”

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதையே சொன்னேன். கெடுகுடி சொற்கேளாது என்பார்களே, அது நான்தான். காக்கா வளைவை அவ்வளவு வடிவாகக் கட்டினார். பிறகு அதை அடைத்தார். அரைகுறை வேலை அவருக்கு வராது. பின்னாளில் வெடிப்பு விழக்கூடாது என்று, அடைப்புக் கல்லைச் சுவர்க்கல்லோடு வரிக்கு வரி கோத்துவிட்டார்.

துரை திரும்பி வந்தார். சுவரைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனது. வாவி வடக்கே இருக்கிறது. மீன்பிடிக்கும் சனங்கள் தோணியால் இறங்கி நேரே உள்ளே வரத்தான் அந்த வாசலாம். அவருடைய ஊரில் பெருநாள் பவனி அதன் வழியாகத்தான் போகுமாம். பிறகு சமயச் சண்டையில் பவனியை நிறுத்தி, வாசலையும் அடைத்தார்களாம். அண்ணன் அதை அடைத்தபடியே கீறியிருந்தார்.

“அங்கே முந்நூறு வருசம் சனம் நடந்த பிறகுதான் அடைத்தார்கள். இங்கே ஒரு ஆள் வர முன்னமே அடைத்துவிட்டீர்களே!” என்றார்.

அடைப்பை உடைத்தால் வளைவும் சேர்ந்து விழும். சுவரையே இறக்கிக் கட்ட வேண்டும். மாரிமழைக்கு அதிக நாளில்லை, கூரையும் போடவில்லை.

“யார் சொல்லிச் செய்தார் என்று கேள்” என்றார் துரை.

கேட்டேன்.

“நீங்கதானே தம்பி சொன்ன. மூணு தரம் கேட்டன். அதச் சொல்லுங்க துரைட்ட.” காக்காவின் குரலில் கோபமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினார்.

எனக்கு வேலை போய்விடும் என்று பயம். வேறொன்றுமில்லை. “தன் யோசனைப்படிதான் செய்தாராம்” என்று இங்கிலீஷில் சொன்னேன். வெட்கங்கெட்டவன் நான்.

துரை காக்காவைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, காக்கா ஓம் என்று தலையாட்டினார்.

“நாளையிலிருந்து வரவேண்டாம். பள்ளிக்கூட வேலைக்கும் வேறு ஆள் பார்க்கிறேன். சொல்” என்றார் துரை. அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

காக்கா என் பக்கம் திரும்பினார்.

“நான் சொன்னதச் சொன்னீங்களா தம்பி?”

“ஓம் காக்கா” என்றேன்.