கொடுத்தாச்சா?

சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை. கைப்பேசியை மேசை விளக்கின் கீழே படுக்க வைத்து, இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார். திரையில் ஒரு மடக்குக் கத்தி. வாங்கலாமா என்று முகம் தெரியாத யாரோ ஒருவர் கேட்டு அனுப்பியது. அலகைத் தாண்டி, கைப்பிடியைத் தாண்டி, கடைசியில் ஒரு திருகாணியின் தலையில் வந்து நிற்கிறார். "மத்த ரெண்டு திருகாணியும் ஒரே மாதிரி இருக்கு. இது மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையைத் தட்டி அனுப்பிவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறார்.

கடையில் எல்லோருக்கும் அவர் லென்ஸ் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்தும் வேலை. இருபத்தாறு வருடங்களாக இதே நாற்காலி. விரல் நுனிகளில் வெள்ளைத்தூள் எப்போதும் ஒட்டியிருக்கும். கடைக்கு வருகிறவர்களின் முகம் அவருக்கு மறந்துபோகும், மூக்கு மறக்காது. "போன தடவை இடது பக்கம் அழுத்துதுன்னு சொன்னீங்கள்ல," என்பார். வந்தவருக்கே அது நினைவிருக்காது.

இணையத்தில் கத்தி வாங்குகிறவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில் அவரும் இருக்கிறார். போலியைக் கண்டுபிடிக்க அவரைவிட்டால் ஆளில்லை என்று பெயர். அவர் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். "பாதி விலைன்னு போட்டிருந்தா, மீதிப் பாதி எங்க போச்சுன்னு முதல்ல கேளுங்க." "அதே ஆளு சீப்பும் விக்கிறான், செருப்பும் விக்கிறான். கத்தியைப் பத்தி ரெண்டு கேள்வி கேட்டா ஆளையே காணோம்." வாங்கியவர்கள் எழுதிய நற்சாட்சிகளைக் காட்டினால் சிரிப்பார். "எல்லாரும் சீக்கிரம் வந்துச்சு, சீக்கிரம் வந்துச்சுன்னுதான் எழுதியிருக்காங்க. பார்சல் ஓடி வந்ததா முக்கியம்? வெட்டுதான்னு ஒருத்தராவது எழுதியிருக்காங்களா?" விற்கிறவரிடம், ஒரு துண்டுக் காகிதத்தில் இன்றைய தேதியை எழுதிக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். கத்தி கையில் இருக்கிறவனுக்கு அது ஒரு நிமிட வேலை. இல்லாதவன் ஆயிரம் சாக்குச் சொல்வான். தயாரிப்பாளரின் சொந்தப் பக்கத்தில் அவர்களுடைய விற்பனையாளர்களின் பெயர்கள் இருக்கும், அதில் இல்லாதவனிடம் வாங்காதீர்கள் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், அசலா போலியா என்று கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் அவர் முதலில் ஒன்று கேட்பார். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பார். "யாருக்கு வாங்கினீங்க? கொடுத்தாச்சா?"

எனக்குத்தான், அல்லது இன்னும் கொடுக்கவில்லை என்றால் பதில் உடனே வந்துவிடும். கொடுத்தாயிற்று என்றால் அன்று முழுக்க வராது.

அவரும் ஒரு கத்தி வாங்கிக் கொடுத்தவர்தான். வீட்டுக்காரர் சோபா தைக்கிறவர். ஒரு பட்டறையில் கூட்டாளியோடு சேர்ந்து தொழில். எந்தக் காலத்திலோ ஒரு வாடிக்கையாளர் கையில் பார்த்த மடக்குக் கத்தியைப் பற்றி வருடத்துக்கு ஒரு முறையாவது பேசுவார். மரக் கைப்பிடி, திறந்தால் ஒரு சின்னச் சத்தம், அவ்வளவு அழகு. திருமணமான இருபத்தைந்தாம் வருடம் அக்கா அதை இணையத்தில் தேடிப் பிடித்தார். ஒரு இடத்தில் மட்டும் பாதி விலைக்குக் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார். பெட்டியைப் பிரித்த வீட்டுக்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதை எப்படிடி ஞாபகம் வச்சிருந்தே?" என்று கேட்டார்.

மூன்று வருடங்கள் அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஆப்பிள் சீவித் தருவார். "வெண்ணெய் மாதிரி போகுது பாரு," என்பார். சீவும்போது விரல்களைக் கைப்பிடியின் கடைக்கோடியில் ஒதுக்கிப் பிடித்திருப்பார். அது ஒரு நாசூக்கு என்று அக்கா நினைத்திருந்தார்.

நெஞ்சுவலி வந்த மூன்றாம் மணி நேரத்தில் அவர் போய்விட்டார். சில மாதங்கள் கழித்து அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அவர் நினைவாகக் கூட்டாளியே வைத்துக்கொள்ளட்டும் என்று எண்ணம். கூட்டாளி கை நீட்டவில்லை.

"வேணாம் அண்ணி. இது யார் கையையாவது வெட்டிரும்."

"நல்ல கம்பெனி கத்தி தம்பி. பாத்துப் பாத்து வாங்கினது."

கூட்டாளி தரையில் கிடந்த ரெக்சின் துண்டுகளைக் காலால் ஒதுக்கினார். "போலி அண்ணி. கத்தி வந்த வாரமே அண்ணனுக்குத் தெரியும். ரெக்சின் கிழிக்கும்போது பூட்டு விட்டு அலகு விரல் மேல மடங்கிடுச்சு. கட்டைவிரல்ல நாலு தையல் போட்டாங்களே, அது உங்ககிட்ட சொன்ன மாதிரி தகரம் கிழிச்சது இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆசையா வாங்கிக் கொடுத்திருக்கா, வாயைத் திறக்காதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. வீட்டுல மட்டும்தான் அதைத் திறப்பாரு. இங்க எப்பவும் பழைய கத்திதான்."

அந்தக் கட்டைவிரலுக்குப் பத்து நாள் மருந்து வைத்துக் கட்டியவர் அக்காதான். கட்டும்போதெல்லாம் தகரத்தைத் திட்டித் தீர்த்தார். வீட்டுக்காரரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அந்த விற்பனைப் பக்கத்தைத் தேடினார். அது இல்லை. அதே படம் வேறொரு பெயரில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். மடங்கிய அலகு கைப்பிடியின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முத்திரையில் ஓர் எழுத்து மற்றதைவிடத் தடித்திருந்தது. "மில்லிமீட்டர் பாத்தே வயசான கண்ணு இது," என்கிறார். "அன்னைக்கு விலையை மட்டும் பாத்துச்சு."

கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் வீட்டுக்காரரைப் புகழ்வார்கள், எவ்வளவு பெரிய மனது என்று. அக்கா மறுக்கமாட்டார். "நல்ல மனுஷன்தான். ஆனா மூணு வருஷம் எனக்குப் பயந்துக்கிட்டே ஆப்பிள் வெட்டியிருக்காரு."

போன மாதம், பள்ளி வேன் ஓட்டும் பெண் ஒருத்தி அப்பாவின் கண்ணாடியை வாங்க வந்தாள். அக்காவுக்குக் கத்தி பார்க்கத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்க, ரசீதோடு ஒரு கத்திப் பெட்டியையும் மேசையில் வைத்தாள். பெட்டியில் எழுத்துப் பிழை இருப்பதாக அவளுக்குச் சந்தேகம்.

"யாருக்கு?" என்றார் அக்கா.

"அப்பாவுக்கு. பழத்தோட்டத்துல கிளை கழிக்கிற வேலை பாத்தவரு. விழுந்ததுலேர்ந்து படுக்கைதான்."

"கொடுத்தாச்சா?"

"கொடுத்துட்டேன்க்கா. தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்குறாரு. விடவே மாட்டேன்னாரு, சாணை பிடிச்சுட்டு வரேன்னு சொல்லித்தான் எடுத்துட்டு வந்தேன்."

அக்கா கத்தியை விரித்தார். அலகைத் தடித்த துணியில் சுற்றி, அதன் முதுகை மேசை விளிம்பில் மெல்லத் தட்டினார். இரண்டாவது தட்டில் பூட்டு நழுவி அலகு மடங்கியது. அந்தப் பெண் கேட்காமலே விஷயம் தெரிந்துவிட்டது.

"நல்லதா ஒண்ணு வாங்கி மாத்தி வச்சுடவா? அப்பாவுக்குத் தெரியாது."

"இருபது முப்பது வருஷம் கத்தி பிடிச்ச கை. எடை மாறினா தெரியாம இருக்குமா? இப்பவே தெரிஞ்சிருக்கும்."

"சொன்னா மனசு உடைஞ்சுடுவாருக்கா."

அக்கா துணியை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். "இதைத் திருப்பிக் கையில கொடுக்காதீங்க. உள்ளதைச் சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா அவரும் சொல்லமாட்டாரு. ரெண்டு பேரும் சொல்லாமலே இருந்துடுவீங்க."

அந்தப் பெண் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். கத்தி அக்காவிடமே நின்றது. அதன் பிறகு நான்கு நாட்கள் குழுவில் யார் கேட்டதற்கும் அக்கா பதில் எழுதவில்லை. சொல்லச் சொன்னது சரியா என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டார். கடைக்காரருக்கு அவர் எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை.

ஐந்தாம் நாள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு அவள் வந்தாள். அக்கா ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவருகே நின்றபடியே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"சொல்லிட்டேன்க்கா. அவருக்கு முன்னாடியே தெரியுமாம்."

"எப்பலேர்ந்து?"

"பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே."

"அப்புறம் ஏன் சொல்லலையாம்?"

"நான் எப்படித் தேடி வாங்கினேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனாம். குறுக்க பேச மனசு வரலையாம். எங்கிட்டேர்ந்து மறைக்கத்தான் தலையணைக்கு அடியில வச்சிருக்காரு. நான் திறந்து கையை வெட்டிக்குவேன்னு பயம்." அவள் சிரித்தாள், மூக்கையும் துடைத்துக்கொண்டாள். "நான் அழுதேன். அவரும் அழுதாரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தோம். இவ்வளவு வருஷத்துல அப்படிப் பேசினதே இல்லக்கா. சரி, நான் கிளம்பறேன், வேனைக் குறுக்க நிறுத்தியிருக்கேன்."

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். பாதி தேய்த்த லென்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து, தூளை முந்தானையால் துடைத்து, தன் நாற்காலிக்கு எதிரே போட்டார்.

"ரெண்டு நிமிஷம் உக்காருங்க," என்றார். "அவர் என்ன சொன்னாரு, அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க. முதல்லேர்ந்து."