சனிக்கிழமை வகுப்பை நிறுத்திய கடிதம்

அக்கா மறைந்து ஓராண்டு ஆன இன்று, வீடு தேடி வந்து எங்களோடு அமர்ந்து உணவருந்திய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதுபோன்ற நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அக்காவைப் பற்றி அப்படி எழுதுவது எளிது. அவரைச் சுற்றியிருந்த எங்களைப் பற்றித்தான் முடியவில்லை.

அக்கா பிறந்தது மேலநீலிதநல்லூரில். மழை பெய்தால்தான் விளைச்சல் என்ற குடும்பம். அப்பா சீக்கிரமே காலமானதால், மூத்தவரான அக்கா டியூஷன் எடுத்துக்கொண்டே படித்து, சங்கரன்கோவிலில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனார். என்னையும் படிக்கவைத்தார். "எனக்கு மாப்பிள்ளை பாக்க யாருக்குலே நேரம் இருந்துச்சு?" என்று சிரிப்பார். நேரம் இருந்தது. அவர் சம்பளம் எங்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

என்னைப் போன்ற ஊர் வியாபாரிகள் சிலர் நடத்தும் கல்வி அறக்கட்டளைக்கு நான் செயலாளர். அரசுப் பள்ளிகளில் பாடத்துக்கு வெளியே நடக்கும் வகுப்புகளுக்கு அது நிதியுதவி செய்து வந்தது. அக்காவும் விண்ணப்பித்து, சனிக்கிழமை அறிவியல் வகுப்பைத் தொடங்கினார். மைக்ராஸ்கோப்புகள் வந்தன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பிச்சிப்பூ இதழையும் வெங்காயத் தோலையும் அதில் வைத்துப் பார்க்க முண்டியடிப்பார்கள். லீவு நாளில் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவரும் பிள்ளைகளை அப்போதுதான் பார்த்தேன்.

ஓராண்டு முடிந்ததும் அறக்கட்டளை விழா வைத்தது. நம் ஊரில் விழா என்றால், மாணவிகள் பட்டுப்பாவாடை கட்டி, பன்னீர்ச் செம்பும் சந்தனமுமாக வாசலில் நிற்க வேண்டும். பெரிய மனிதர்களின் கார் எப்போது வருகிறதோ அதுவரை நிற்க வேண்டும். அக்கா மறுத்துவிட்டார்.

"பன்னீர் தெளிக்கவாலே இதுக சனிக்கிழமையும் வருதுக? வாரவுக உள்ள வந்து பிள்ளைக என்ன செய்யுதுகன்னு பாக்கட்டும்."

அறக்கட்டளைத் தலைவர் வந்து இறங்கினார். காலியான வாசலைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், வாங்கன்னு சொல்ல ஒரு பிள்ளைகூட இல்லையா?"

"நான் சொல்லுதேன், வாங்கண்ணாச்சி. பிள்ளைக உள்ள மைக்ராஸ்கோப்புகிட்ட காத்துக்கிட்டு இருக்கு."

அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். "மரியாதை தெரியாத இடத்துல நாம எதுக்கு வே கொண்டுபோய்க் கொட்டணும்?" என்றார் தலைவர். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் கடைக்கு அவர் தயவு தேவைப்பட்டது, நானும் திறக்கவில்லை. வேறு பள்ளிகளுக்கும் வாய்ப்பளிக்க வேண்டியிருப்பதால் உதவியை நிறுத்துகிறோம் என்று வெட்கமில்லாமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். மைக்ராஸ்கோப்புகளையும் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார்கள். கரும்பலகையில் படம் வரைந்து அக்கா சில வாரங்கள் நடத்திப் பார்த்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

அந்த வருத்தத்தில்தான் அக்காவுக்கு நோய் வந்தது என்று சொந்தக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. டாக்டரை நம்பத்தான் எனக்கு ஆசை.

கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், பள்ளி விட்டதும் வந்து அக்காவின் கால் பிடித்துவிட்ட சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரிய மலர்வளையம் அனுப்பிய அறக்கட்டளைக்கும் நன்றி. துக்க வீடு என்பதால் அன்று வரவேற்பை எதிர்பாராமல் உள்ளே வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள், அந்தப் பிள்ளைகள் கிளம்பிப் போனதும், அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏலே, அந்தக் கடுதாசி நீ எழுதுனதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பிள்ளைககிட்ட மட்டும் சொல்லிராத. அதுக ஒன்ன மாமான்னு கூப்பிடுதுக."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்த மலரின் ஒரு பிரதியை அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதியது மாமாதான், மக்கா.