ஒரு ‘நிங்ஙள்’

1954. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்த்தாண்டத்தில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மலையாளம் பேசும் உதியன்குளங்கரையில் தமிழில் தும்மினாலே போலீஸ் திரும்பிப் பார்க்கும் என்று பேச்சு. அந்த ஊர்வலத்துக்குப் போன அண்ணன் ஜெயசிங் பெருங்கடவிளையில் மாமா வீட்டுப் பரணில் ஒளிந்திருப்பது ஆனந்தபாய்க்குத் தெரியும். வாயைத் திறந்தால் அதுவும் வெளியே விழுந்துவிடுமோ என்ற பயத்தில், நெய்யாற்றின்கரை மருத்துவச்சி வகுப்பில் அவள் பேசாமடந்தையாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று வகுப்பெடுத்த மலையாளி டாக்டர், பிறந்த பிள்ளையின் கண்ணில் விடும் மருந்தின் அளவைப் பலகையில் எழுதினார். நூற்றுக்கு ஒன்று என்றிருக்க வேண்டியது, சைபர் ஒன்று கூடி பத்தாகிவிட்டது. மத்தியானம் இதைப் பார்த்துத்தான் மருந்து கலக்கப் போகிறார்கள். பிள்ளைகளின் கண் வெந்துபோகும்.

எழப்போனவளின் கையைப் பக்கத்தில் இருந்த ஸ்ரீகுமாரி பிடித்தாள். “மக்கா, எனக்கொரு சம்சயம் உண்டுன்னு மட்டும் கேளு. தப்புன்னு சொல்லீராத.”

நல்ல யோசனைதான். ஆனால் எழுந்து நின்றதும் எல்லாம் பறந்துவிட்டது. மரியாதையாகப் பேச வேண்டுமே என்ற பதற்றத்தில் தமிழ் ‘நீங்க’ளை அப்படியே மலையாளத்தில் போட்டாள்.

“நிங்ஙள் எழுதியது தெற்றாணு, சார்.”

தமிழில் மரியாதையான ‘நீங்கள்’, மலையாளத்தில் ‘நிங்ஙள்’ என்று பெரியவரைப் பார்த்துச் சொன்னால் முகத்தில் அறைந்த மாதிரி. பிறந்தது முதல் இரண்டு பாஷையும் பேசுகிறவள், இதைக் கோட்டைவிட நேரம் பார்த்தாள் பாருங்கள்!

டாக்டர் சாக்குக்கட்டியை மேசையில் வைத்தார். “வீட்டில் ஆரொக்கெ உண்டு?”

அண்ணனைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். “அம்மை மட்டும், சார்.”

அவர் நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு உள்ளங்கையால் சைபரை அழித்தார்.

போலீசுக்குத்தான் எழுதினார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். சாயங்காலமே அம்மாவிடம் ஓடினாள். “அண்ணன அங்க வைக்காண்டாம். பொழியூருக்கு அனுப்பிரு.”

விடியற்காலை பொழியூருக்கு நடந்துபோன ஜெயசிங்கை வழியிலேயே போலீஸ் பிடித்தது.

சேதி தெரியாமல் வகுப்புக்குப் போனவளிடம் டாக்டர் அந்த நோட்டை நீட்டினார். கண் மருந்து கலக்கும் பொறுப்பு என்ற இடத்தில் ஆனந்தபாய் பெயர் இருந்தது. பக்கத்தில், தாய் தனியாக இருப்பதால் இரவு வேலை வேண்டாம் என்றொரு குறிப்பு.

ஜெயிலிலிருந்து வந்த அன்று ஜெயசிங் கேட்டான். “என்னைக் காட்டிக் குடுத்தது ஆராக்கும்?”

ஆனந்தபாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒருத்தரும் இல்ல, அண்ணா. நான் பயந்துட்டேனாக்கும்.”