தெய்வானைக்குப் போட்ட இலை

மலாக்காவின் காஜா பேராங்கில் நான் தையல் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்த வட்டாரத்துப் பெண்களின் தோள் அளவும் இடுப்பு அளவும் எனக்கு மனப்பாடம். கால் விரல் அளவு எனக்குத் தெரிந்தது ஒருத்தியுடையது மட்டும்தான். அவள் பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்துச் சங்கரன் பிள்ளையின் மகள் தெய்வானை. விரல் நுனியில் நின்று ஆடுகிற பாலே ஆட்டத்தை ஆடியவள். அதற்கான காலணியின் முனையில் வைக்கப் பஞ்சுத் திண்டு தைத்துக் கொடுத்தவன் நான், ஷம்சுதீன். அவளைப் பற்றி இங்கே ஆளுக்கொன்று பேசுகிறார்கள். ஓடிப்போனவள் என்கிறார்கள். பெற்றவளைக் கொன்றவள் என்றுகூடச் சொல்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன், என் தப்பையும் சேர்த்து.

மலாக்கா செட்டிகள் தமிழ் வம்சம், மாரியம்மனைக் கும்பிடுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். தெய்வானையின் வீட்டில் இன்னொரு பாஷையும் இருந்தது. அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது தாய் அன்னம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டன. காது போனதும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. தாயும் மகளும் கையால் பேசத் தொடங்கினார்கள். கை மட்டுமா? தோள், கழுத்து, இடுப்பு, பாதம் எல்லாம் பேசும். சந்தையில் மீன்காரி எப்படி ஏமாற்றினாள் என்பதை அந்தக் குட்டி என் கடை வாசலில் நின்று தாய்க்கு ஆடிக் காட்டுவாள். மீன்காரியின் நடை, அவள் தராசைச் சாய்க்கும் விதம், செத்த மீனின் முழி என்று ஒன்று பாக்கி இருக்காது. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சங்கரன் பிள்ளை அந்தப் பாஷையில் ஒரு சொல் கற்கவில்லை. மனைவியிடம் சத்தம் போட்டே பேசுவார். செவிடன் காதில் ஊதுகிற சங்கு என்று தெரிந்தும் ஊதிக்கொண்டே இருந்த மனுஷன். அவர் கெட்டவர் இல்லை. வீம்பு பிடித்தவர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அப்போது நினைத்தேன்.

1926இல் பங்சாவான் நாடகக் கம்பெனி ஒன்று பண்டார் ஹிலிரில் கூடாரம் அடித்தது. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே சனங்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க ஒரு மணிலாக்காரி வந்து பாலே ஆடுவாள். பாட்டுக் கிடையாது, வசனம் கிடையாது. உடம்பை வைத்தே ஒரு கதையை முழுசாகச் சொல்லிவிட்டுப் போவாள். பதினாறு வயது தெய்வானை அதைப் பார்த்துவிட்டு மறுநாள் என் கடைக்கு ஓடி வந்தாள். அவள் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். மாமாக் என்பது இங்கே தமிழ் முஸ்லிமைக் கூப்பிடுகிற சொல்.

“மாமாக், அந்தப் பொம்பளை எங்க அம்மா பாஷையில பேசுறாங்க.”

மூன்று வாரத்தில் கம்பெனியோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். திருட்டுத்தனமாகப் போகவில்லை. தாயிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்னம்மாதான் பின்கதவைத் திறந்துவிட்டாள். தகப்பனுக்கு மட்டும் தெரியாது.

கூத்தாடப் போனவள் எனக்குச் செத்தவள் என்றார் சங்கரன் பிள்ளை. எந்தத் தகப்பனும் கோபத்தில் சொல்வதுதான். ஆனால் அவர் அதோடு விடவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் போகியன்று செட்டிகள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். ‘பர்ச்சு’ என்பார்கள். ஒவ்வொரு ஆத்மாவுக்கும் அது விரும்பித் தின்ற பதார்த்தத்தை வாழை இலையில் வைத்து, கும்பிட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். செத்தவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா? அடுத்த வருஷப் போகியில் சங்கரன் பிள்ளை தன் கையாலேயே கூட ஓர் இலை போட்டார். அதில் மகளுக்குப் பிடித்த மீன் பிண்டாங் குழம்பையும் டோடோல் அல்வாவையும் வைத்தார். அன்னம்மா இலையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காது போன இத்தனை வருஷத்தில் அவளுக்குப் புரியும்படி அவர் சொன்ன ஒரே சேதி அதுதான். அதுவும் பொய்.

அவள் எழுப்பிய ஓலம் என் கடைவரை கேட்டது. விஷயம் தெரிந்த ஒருவரும் போய் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த வீட்டு விவகாரம் என்று நானும் சும்மா இருந்தேன். “நமக்கும் கை இருக்கு தானேங்க, போய்க் காட்டினா என்ன?” என்று என் மனைவி ரஹீமா கேட்டாள். நான்தான் அவள் வாயை அடக்கினேன்.

தெய்வானைக்கு இது எதுவும் தெரியாது. மணிலாக்காரியிடம் மூன்று வருஷம் அடி வாங்கிப் பாலே கற்றாள். நகம் கறுத்து உதிரும், திண்டை எடுத்தால் பஞ்செல்லாம் ரத்தமாக இருக்கும். அவள் காலணி முனையின் அளவைத் தாளில் வரைந்து அனுப்புவாள், நான் தைத்துப் பார்சலில் அனுப்புவேன். பினாங்கு, மேடான், பத்தாவியா என்று போகாத ஊர் இல்லை. தோட்டத்துத் தமிழன், சீனன், ஜாவாக்காரன் என்று எவன் பார்த்தாலும் அவள் சொல்வது புரிந்தது. வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினாள், அது தாய் கைக்குப் போய்ச் சேரவில்லை. ‘உன் முகத்தில் விழிக்க உன் தாய்க்கு இஷ்டமில்லை’ என்று தகப்பனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதை நம்பிவிட்டாள். எனக்கு வந்த தாள்களில் அளவு மட்டும்தான் இருக்கும். நானும் திண்டை மட்டும்தான் அனுப்பினேன், ஒரு வரி எழுதவில்லை.

1937 ஜனவரியில் கம்பெனி மறுபடி மலாக்காவுக்கு வந்தது. பேசும் படம் வந்த பிறகு கூடாரத்தில் பாதி நாற்காலி காலி. அவளுக்கும் பாத எலும்பில் விரிசல் விழுந்திருந்தது. இதோடு நிறுத்து என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. திண்டு வாங்க வந்தவள், அம்மாவின் கோபம் தீர்ந்ததா என்று கேட்டாள். நான் இலை விஷயத்தைச் சொன்னேன்.

“பத்து வருஷமா நான் செத்தவளா, மாமாக்?”

உயிரோடு இருக்கிறேன் என்று தாயிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். ஆனால் தகப்பன் வாசலிலேயே மறிப்பார். போகிக்கு மூன்று நாள் இருந்தது. படையல் அறையைச் சாத்திவிட்டு ஆண்கள் முன்வாசலில் கூடுவார்கள், அந்த நேரம் பின்பக்கமாகப் போய்விடலாம் என்றாள். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். அந்த ஒரு நாள் தவிர வேறு எந்த நாள் போயிருந்தாலும் போதுமே! இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

உள்ளே நடந்ததை அன்று மாலை அவளே எனக்குச் சொன்னாள். பின்கதவு வழியாகப் படையல் அறைக்குள் போய்த் தன் இலைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அடுக்களைப் பக்கமிருந்து கதவைத் திறந்த அன்னம்மா திடுக்கிடவே இல்லை. இரண்டு கையையும் கூப்பினாள். வந்துட்டியா, சாப்பிடு என்றது கை. நான் சாகவில்லை என்று மகள் கையால் சொன்னாள். செத்தவர்களுக்குத் தாங்கள் செத்தது தெரியாது என்று தாய் பரிவோடு சிரித்தாள். மகள் கிட்டே போனாள், தாய் பின்னால் நகர்ந்தாள். தொடாதே, தொட்டால் உன்னைப் போக விடமாட்டேன், நீ போக வேண்டியவள் என்றது கை.

பத்து வருஷக் கதையை வேறு எப்படிச் சொல்வது? தெய்வானை ஆடினாள். வெறுங்காலில் விரல் நுனியில் ஏறக் கூடாது என்று மணிலாக்காரி ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். இவள் ஏறினாள். கப்பலில் போனது, கூடாரம், சனம், தாயை நினைத்து அழுதது எல்லாவற்றையும் ஆடினாள். தன் தாய்க்கு முன்னால் அவள் பாலே ஆடியது அதுதான் முதல் தடவை. அன்னம்மாவின் கண் மகளின் பாதத்துக்கு இறங்கியது. குதிகால் தரையில் படவில்லை. ஆவிக்குத்தான் கால் தரையில் பாவாது என்று யாருக்குத் தெரியாது? கொஞ்சநஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால் அதுவும் அந்த நொடியில் போயிற்று. சந்தோஷத்தில் அழுதுகொண்டே, மகள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டாள்.

எலும்பு முறிந்தது அப்போதுதான். தெய்வானை தன் இலைக்கு முன்னால் விழுந்து, தனக்குப் படைத்த மீனை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். பிறகு சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்த வழியே வெளியேறியிருக்கிறாள். ஏன் சாப்பிட்டாய் என்று கேட்டேன். அம்மா சமைத்தது என்றாள்.

மறுநாளே கம்பெனிக்காரர்கள் அவளைச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலில் மாவுக்கட்டு. குணமானதும் இரண்டு பாதமும் பதிய நடந்து வருவேன், அப்போது அம்மா நம்புவார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் ரஹீமாவும் அன்னம்மாவைத் தேடிப் போனோம். தெற்கே கையைக் காட்டினேன், நடந்து காட்டினேன், நெஞ்சில் தட்டி மூச்சு விட்டுக் காட்டினேன். அவள் எல்லாம் தெரியும் என்று தலையாட்டினாள். மகள் வந்தாள், சாப்பிட்டாள், இலையில் முள் கிடந்தது என்றது அவள் கை. இரண்டு விரலை நுனியில் நிறுத்தி மிதக்கவிட்டுக் காட்டினாள். அத்தனை சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. துணி வெட்டுகிற என் கைக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சங்கரன் பிள்ளையிடம் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

“போட்ட இலையை எடுக்க முடியாது, மாமாக்,” என்றார். குரல் உடைந்திருந்தது. அதற்காக அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை.

அன்னம்மா தன் சாரோங்குகளை ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். மார்ச்சில் காய்ச்சல் வந்தது. மருந்தைத் தட்டிவிட்டாள். மகள் அங்கே தனியாக இருக்கிறாள், நான் போகிறேன் என்று ரஹீமாவிடம் கையால் சொன்னாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

ஏப்ரலில் தெய்வானை வந்தாள். கையில் தடி. குதிகாலை முதலில் வைத்து, பாதம் முழுக்கப் பதித்து, என் கடைவரை நடந்து வந்தாள். அவளை மேலே போகவிடாமல் உட்கார வைத்து நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள். ரஹீமா வாயைத் திறக்காமல் அந்தக் கடைசிச் சேதியை அப்படியே கையால் செய்து காட்டினாள். தெய்வானை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க போய் என்னைத் தேடுவாங்களே, மாமாக்,” என்றாள். “நான் இங்கதானே இருக்கேன்.”