நாற்பது சொட்டு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. நேரங்களும் சரியானவை. அன்று காலையில்தான் மேசைக் கடிகாரத்தை தேவாலய மணிக்கு ஒத்துவைத்திருந்தேன்.

என் அண்ணன் ஜெர்வாஸ் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினான். இஸ்லிங்டனில் எங்கள் வீடு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவனுக்கு நாற்பது சொட்டு லாடனம். சாராயத்தில் கரைத்த அபினி. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். அழுகிற குழந்தைக்கும் கொடுப்பார்கள். அளந்து ஊற்றுவது என் வேலை. மாலை நான்கு பத்துக்கு எழுதத் தொடங்குவான். நடுநடுவே நிறுத்துவான். தலையை இடப்பக்கம் சாய்ப்பான், யாரோ சொல்வதைக் கேட்பதுபோல. பிறகு வேகமாக எழுதுவான்.

"யாருண்ணா அது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கதை சொல்றவன். அபினி கூட்டிட்டு வர்ற ஆளு. கெட்டவன் இல்ல. எப்பவும் கொஞ்சம் நனைஞ்சிருப்பான், அவ்வளவுதான்."

எழுதுகிறவர்கள் பலரும் அப்படிப் பேசிய காலம் அது. நம்பினேன்.

ஆனால் அவன் இளைத்துக்கொண்டே வந்தான். கோட்டுக்குள் தோள் எலும்பு துருத்தியது. அபினிதான் அவனைத் தின்கிறது என்று முடிவு செய்தேன். ஆகஸ்டு நடுவில் தொடங்கி வாரத்துக்கு நான்கு சொட்டாகக் குறைத்தேன். ஈடுக்குக் கருக்கிய சர்க்கரைத் தண்ணீர். நிறம் ஒன்றுதான். குறைத்த சொட்டுகளை என் பல்வலிக்கு நானே குடித்தேன். கொஞ்ச நேரத்தில் இடது கை மரத்துப்போகும். அபினி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் முடிவில் அவன் குடித்தது வெறும் சர்க்கரைத் தண்ணீர். எழுத்து நிற்கவில்லை. தலை சாய்வதும் நிற்கவில்லை.

அவனுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி கிடந்தது. யாரும் உட்காராதது. அதன் மெத்தை தினமும் மாலையில் ஈரமாக இருந்தது.

1861, நவம்பர் 14, வியாழன். மூடுபனி. மூன்று மணிக்கே விளக்கேற்றினோம். 4.05க்கு அவனிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, ரெண்டு வாரமா உனக்கு அபினி தரல. சர்க்கரைத் தண்ணிதான்."

"தெரியும். உன் கையால இனிப்பா ஒண்ணு வந்ததுமே சந்தேகப்பட்டேன்."

"விளையாடாத. அபினி இல்லாம அவன் எப்படி வர்றான்?"

அண்ணன் பேனா முள்ளைத் துடைத்தான். சிரிப்பு போய்விட்டது.

"பழசு உடம்புல தங்கியிருக்கும். நீ மறுபடி ஊத்து, ஹெஸ்டர். நாப்பது."

"மாட்டேன். நீ செத்துப்போவ."

"நான் எனக்காகக் கேக்கல."

"பின்ன யாருக்காக?"

கடிகாரத்தைப் பார்த்தான். 4.08.

அவனை எழுதவிடக் கூடாது என்று தோன்றியது. அவன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விடு," என்றான். "யாராவது எழுதித்தான் ஆகணும்."

விடவில்லை.

4.10.

பக்கத்து நாற்காலியின் மெத்தை அமுங்கியது.

அண்ணனின் தலை இடப்பக்கம் சாய்ந்தது.

கிறீச்... கிறீச்...

பேனாச் சத்தம்.

அவன் வலக்கை என் கையில் இருந்தது. இடக்கையும்.

கிறீச்... கிறீச்...

மேசையை நான் பார்க்கவில்லை.

4.22. சத்தம் நின்றது.

நான் பிடித்திருந்த கைகள் குளிர்ந்திருந்தன. அண்ணனுக்கு மூச்சு இல்லை.

தாளில் அத்தியாயம் முடிந்திருந்தது. அவன் கையெழுத்துத்தான். மை காய்ந்ததும் அச்சகத்துக்கு அனுப்பினேன். அழவில்லை. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அந்த அத்தியாயத்தைப் பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன.

அன்று மதியம் அவனுடைய நாற்பது சொட்டையும் நான் குடித்திருந்தேன். என் காதில் விழுந்தது அபினி மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வியாழன்வரை அது போதுமாக இருந்தது.

அன்றுதான் மிச்சமிருந்த குப்பியைத் திருப்பிக் கொடுக்க மருந்துக்கடை டாட்ஸ்வெலிடம் போனேன்.

"இத நீங்களே வச்சுக்கோங்க. வீட்ல விஷம் வேண்டாம்."

"விஷமா? கசப்பு வேரும் சாராயமும்தாம்மா இது. மூணு வருஷமா உங்க வீட்டுக்கு இதுதான் வருது."

"யார் சொல்லி?"

"உங்க அண்ணன்தான். அதுக்கு முந்தி ஒரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, அபினியை அப்பவே விட்டுட்டாரு. குப்பில ஒட்டின லாடனம் சீட்டை மட்டும் மாத்தாதீங்கன்னாரு."

"ஏன்?"

டாட்ஸ்வெல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"'அபினியாலதான் வருதுன்னு தங்கச்சி நினைச்சிட்டிருக்கட்டும். அப்பதான் அந்த வீட்ல அவ இருப்பா'ன்னாரு. எது வருதுன்னு நான் கேக்கலம்மா."