சத்தம் நின்றுவிட்டது என்று நான்தான் சொன்னேன்

அப்பா இல்லாமல் ஓராண்டு கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளாகிய நான் வணக்கத்துடன் எழுதுகிறேன்.

அப்பா மேனாம்பேட்டில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அங்கே அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வயல்கள் மனைகளானபோது அப்பா பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தார். ஆபரேட்டராகி, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றார். மெஷின் பழுதாகப் போவதை அதன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று உடன் வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அத்தனை வருடம் கேட்ட அந்தச் சத்தமே அவருடைய காதைக் கெடுத்துவிட்டது. வெகுகாலம் இது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வெளியாட்கள் பேசும்போது அப்பா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவார்.

இந்த மலரைத் தொகுப்பவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. "ஊர் மெஷினை எல்லாம் சரி பார்த்தவருக்குத் தன் வண்டியின் சத்தம் மட்டும் பிடிபடவில்லை" என்று வேடிக்கையாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மாமா அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வரி வேடிக்கையாக அச்சாகக் கூடாது. அது உண்மையல்ல.

என் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போய் வருவதற்காக அப்பா பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். பட்டாபிராமில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே தெருவில்தான். வாங்கிய சில வாரங்களில் இன்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. அதை முதலில் கவனித்தது நான். சொன்னதும் அப்பா முகம் சுருங்கியது. மெக்கானிக்கிடம் போனால் "இது கேக்குதா சார்?" என்று கேட்பார்களே, அந்தத் தயக்கம். என்னிடம் மட்டும் உதவி கேட்டார்.

ஒரு காலை, தெருவில் வண்டியை நிறுத்தி, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மீது வைத்து, கைப்பிடியில் என் காதை வைக்கச் சொன்னார்.

"மேல டிக் டிக்னு வந்தா டாப்பெட்டும்மா, வால்வைத் தட்டற எடம். இடது பக்கம் கடகடன்னு வந்தா டைமிங் செயின். எங்க வருதுன்னு சொல்லு."

எனக்கு எல்லா இடத்திலும் கேட்பதுபோல இருந்தது. மேலே என்றேன். மறுநாள் காலை, இன்ஜின் சூடாகும் முன்பே அப்பா டாப்பெட்டைச் சரிசெய்து, மூடியைப் பூட்டி, வண்டியைக் கிளப்பினார்.

"இப்போ கேளும்மா. இன்னும் வந்துகினு இருந்தா செயின்தான். பிரிச்சே ஆவணும்."

நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் குந்தியிருந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றார்.

"இன்னாமே, வண்டிக்கு டாக்டர் ஆயிட்டியா? எத்தினி வேளை மாத்திரை எழுதப் போற?"

தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். மகளுக்கு இன்னும் தலை பின்னவில்லை. சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, இடது பக்கத்திலிருந்து. கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நினைத்ததாகப் பிறகு எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். இல்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. அங்கிருந்து எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

"நின்னுடுச்சுப்பா" என்றேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். "உன் காது இருக்கறப்போ எனக்கின்னா கவலை" என்றார்.

குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டாலே நான்கு முறை தெர்மாமீட்டர் வைப்பவள் நான். அதே குழந்தையை ஒரு மாதம் தினமும் அந்த வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

ஒரு மதியம் நெமிலிச்சேரி ஸ்டேஷன் அருகே வண்டி நின்றுவிட்டது. என் மகளை சீட்டில் உட்காரவைத்து, அந்த வெயிலில் அப்பா பட்டாபிராம் வரை தள்ளிக்கொண்டு வந்தார். மறுநாள் மாமா குட்டியானை வேனில் ஏற்றி மெக்கானிக் கடையில் இறக்கினார். நானும் போயிருந்தேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்தார்.

"டைமிங் செயின் தாவி வால்வு வளைஞ்சிகீது சார். ஒரு மாசமா கத்தியிருக்குமே. ஊட்ல ஒருத்தருக்குமா கேக்கல?"

"இன்னா மச்சான், இத்தினி வருசம் பிரஸ் ஷாப்ல இருந்துகினு இது தெரியலியா?" என்று மாமா சிரித்தார்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மாமாவிடம், "எனக்குக் காது கேக்காதுடா. ரொம்ப வருசமாவே கேக்காது" என்றார்.

எத்தனையோ வருடம் மறைத்துவைத்ததை, என்னை ஒரு கேள்வியிலிருந்து காப்பாற்ற, கடை வாசலில் போட்டு உடைத்தார். அதன்பின் விசேஷ வீடுகளில் "மச்சான்கிட்ட ரகசியம் சொல்லணுமா? மைக் செட்டுக்காரரைக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். அப்பா சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் அவர் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, அன்னைக்கு சத்தம்..." என்று ஆரம்பித்தேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னை மன்னித்துத் திரும்பினாரா, கேட்க மனமில்லாமல் திரும்பினாரா, இன்றுவரை தெரியவில்லை. நானும் அவர் தோளைத் தொட்டுக் கூப்பிடவில்லை.

வண்டி நின்ற நான்கு மாதத்தில் மாரடைப்பு. வண்டி தள்ளியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டேன்.

அப்பா சொன்னது சரி. டைமிங் செயின்தான். தவறு என் வாயில் இருந்தது. படிப்பவர்கள் இதை மற்றவர்களிடமும் சொல்ல வேண்டுகிறேன்.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூடவே வந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், கடைசி இரண்டு நாள் பார்த்துக்கொண்ட டாக்டர், நர்ஸ்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த எஸ்டேட் நண்பர்களுக்கும், வண்டியைச் சரிசெய்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மெக்கானிக்குக்கும், அந்த வரியை மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்த மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்த வண்டியில் இப்போது என் கணவர் மகளை அழைத்துப் போகிறார். அவர்கள் கிளம்பும் முன் தெருவில் குந்தி, ஸ்க்ரூடிரைவரில் காதை வைக்கிறேன். இன்று காலையும் வைத்தேன். சத்தம் இல்லை. இடது பக்கம் இன்னொரு முறையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.