முதலில் சூப், பிறகு விரல்

தெல்ஃபினா முப்பது வருடமாகக் கொலம்பியாவின் தூன்ஹா ஊரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். அந்த ஊரில் கெட்ட செய்தியை வெறுங்கையோடு கொண்டுபோக மாட்டார்கள். முதலில் ஒரு நல்லது, பிறகு "பெரோ", அதாவது "ஆனால்", அதற்கப்புறம்தான் விஷயம். கேட்பவரும் முன்பாதியை மரியாதைக் கணக்கில் விட்டுவிட்டு, பெரோவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

அப்போது அவள் பார்த்துக்கொண்டது தோன் எலியோதோரோவை. சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். மகள் நூபியா நேரில் வந்து அதட்டினாலொழிய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார். அவளுக்கோ போகோட்டாவில் வேலை. தினமும் காலையில் தெல்ஃபினா அவளுக்குப் போன் செய்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. போனில் நூபியாவின் குரல் சோர்ந்து கிடந்தது. தெல்ஃபினாவுக்கு மனம் இளகிவிட்டது. தொழிலுக்கு ஆகாத குணம்.

"விரல் கொஞ்சம் கறுத்திருக்கும்மா. ஆனா சூப் முழுசும் குடிச்சுட்டார்."

"அப்பாடா! சாப்பிட்டாரே, அது போதும். ஞாயித்துக்கிழமை வரேன்க்கா."

கட்டிலில் இருந்து கிழவர் குரல் கொடுத்தார். "ஏ தெல்ஃபினா, நான் செத்தாலும் இப்படித்தான் சொல்லுவியா? 'அப்பா போயிட்டார்ம்மா, ஆனா சூப் பிரமாதம்'னு?"

தெல்ஃபினா சிரிக்கவில்லை. சூப் செய்தியாகிவிட்டது, விரல் மரியாதைக் கணக்கில் போய்விட்டது. ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள். கறுத்த விரல் அதுவரை காத்திருக்காது. மறுபடி போன் போட்டாள்.

"விரல் கறுத்திருக்கு."

நூபியா சற்றுக் காத்திருந்தாள். "ஆனா...?"

"ஆனா ஒண்ணும் இல்லம்மா."

மத்தியானத்துக்குள் நூபியா பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"நான் வர மாட்டேன்," என்றார் கிழவர்.

"வர மாட்டேன்னாலும் வண்டி வந்தாச்சுப்பா. எந்திரிங்க."

"பாதத்தை எடுக்க வேண்டாம்," என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். நூபியா பெரோவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னது "சீனோ". முன்னதை அடியோடு தள்ளிவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைக்கும் சொல். "பாதம் இல்ல, சுண்டுவிரல் மட்டும்தான்."

ஒரு விரல் குறைந்து கிழவர் வீடு திரும்பினார். அதிலிருந்து தெல்ஃபினா தினமும் சூப்பைத்தான் முதலில் சொன்னாள். நூபியா அதைக் காதில் வாங்கவேயில்லை.